டர்போ பூட்டாமல் டொயோட்டா 86 எஞ்சினில் 50 குதிரைவலு கூட்ட முடியுமா?

கேள்வி — கிளிநொச்சி 86

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2013ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா 86 இருக்கிறது. 2 லீற்றர் எஞ்சின், ஆறு கியர் மனுவல், ஜப்பானில் ஓடிய பிறகு இங்கு வந்த வண்டி. கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையே ஏ9 வீதியில் வேலைக்குப் போய்வருவதற்கு அதையே பயன்படுத்துகிறேன். அடுத்த தடவை நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட கார் மலையேற்றப் போட்டி நடக்கும்போது அதில் கலந்துகொள்ள வேண்டும் என்பது என்னுடைய நீண்டநாள் விருப்பம்.

இந்த எஞ்சின் கம்பனிக் கணக்கில் 200 குதிரைவலு கொடுக்கிறது. கொழும்பிலுள்ள ஒரு பட்டறையில் கேட்டபோது, திறந்த எயார் பில்டர், புதிய ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் முதல் குழாய்த் தொகுதி), பெரிய குழாயுடன் சைலன்சர், எஞ்சின் கணினியில் புதிய டியூன் (எரிபொருள், பற்றவைப்பு அமைப்புகளை மாற்றி எழுதுவது) ஆகிய நான்கையும் ஒன்றாகச் செய்தால் 250 குதிரைவலு வரும் என்று உறுதியாகச் சொன்னார்கள். கேட்கும் தொகை சிறியதல்ல.

டர்போவோ சுப்பர்சார்ஜரோ பூட்டும் எண்ணம் எனக்கு இல்லை. மிதித்த கணமே மறுமொழி சொல்லும் இயல்புக்காகத்தான் இந்த வண்டியை வாங்கினேன், அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. அதோடு கியர்பெட்டியும் கிளச்சும் அந்தச் சுமையைத் தாங்குமா என்ற கவலையும் இருக்கிறது. ஆகவே இரண்டு விடயங்களை அறிய விரும்புகிறேன். இயல்பாகக் காற்றிழுக்கும் எஞ்சினில் 50 குதிரைவலு கூட்டுவது நடைமுறையில் ஆகக்கூடிய காரியமா? ஆகாதென்றால், மலையேற்றத்தில் நேரத்தைக் குறைப்பதற்கு எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1 — வவுனியா கராஜ்

வணக்கம் தம்பி. சொன்ன நான்கு வேலைகளாலும் 50 குதிரைவலு வராது. அந்தப் பட்டறை வேலை தெரியாதது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த எண் எங்கிருந்து வரவேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விடயம் தெளிவாகிவிடும்.

வலு என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. நியூட்டன் மீற்றரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுற்றால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாற் கிடைக்கும். உங்கள் எஞ்சின் 7000 சுற்றில் 147 கிலோவாற், அதாவது 200 குதிரைவலு தருகிறது. அந்த இடத்தில் அதன் முறுக்குவிசை ஏறக்குறைய 200 நியூட்டன் மீற்றர். அதே 7000 சுற்றில் 250 குதிரைவலு வேண்டுமானால் முறுக்குவிசை 251 நியூட்டன் மீற்றராக உயர வேண்டும். டர்போ இல்லாத 2 லீற்றர் எஞ்சினிலிருந்து அவ்வளவை எடுப்பது, ஓட்டம் முடிந்ததும் கழற்றிப் பிரித்துப் பார்க்கும் பந்தய எஞ்சின்களின் எல்லை. வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு அது பொருந்தாது.

ஹொண்டா எஸ்2000 காரின் எஃப்20சி எஞ்சினை இதனோடு வைத்துப் பாருங்கள். அதுவும் 2 லீற்றர்தான், ஆனால் 8300 சுற்றில் 250 குதிரைவலு தந்தது. அந்த உச்சியில் அதன் முறுக்குவிசை சுமார் 211 நியூட்டன் மீற்றர் மட்டுமே. உங்கள் எஞ்சினைவிட 10 அல்லது 11 தான் கூட. மிச்சமெல்லாம் சுற்று வேகத்தால் வந்தது. 9000 சுற்றுவரை போவதற்காக அந்த எஞ்சினின் வால்வு, ஸ்பிரிங், பிஸ்டன், கனெக்டிங் ரொட் என்று ஒவ்வொன்றையும் ஹொண்டா முதலிலிருந்தே அதற்கென்று வடிவமைத்தது. உங்கள் எஞ்சின் 7400 சுற்றோடு நிற்கும்படி கட்டப்பட்டது. கணினியில் எல்லையைத் தளர்த்திவிட்டு 8300க்கு ஓட்டினால் வலு வருவதற்கு முன் வால்வு ஸ்பிரிங்குகள் கைவிட்டுவிடும்.

கம்பனிக்காரர்களே என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். 2017 மாதிரியில் மனுவல் வண்டிகளுக்கு இன்டேக் மனிபோல்டையும் எக்ஸோஸ்ட் மனிபோல்டையும் திருத்தினார்கள். கிடைத்தது 207 குதிரைவலு, 212 நியூட்டன் மீற்றர். இந்த வண்டியைச் சேர்ந்து உருவாக்கிய டொயோட்டாவும் சுபாருவும் தங்கள் சொந்த ஆய்வுகூடங்களில் உழைத்து எடுத்தது 7 குதிரைவலு. அடுத்த தலைமுறையான ஜிஆர்86 வந்தபோது, சிலிண்டர் துளையை 86 மில்லிமீற்றரிலிருந்து 94 ஆக்கி, கொள்ளளவை 2387 சிசியாகப் பெருக்கி, 235 குதிரைவலுவுக்குக் கொண்டுபோனார்கள். லீற்றருக்கு 100 குதிரைவலு என்ற அளவை ஏற்கெனவே எட்டிய எஞ்சினில் மேலும் கூட்டுவது எவ்வளவு கடினம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இனி உங்களுக்கு எது கிடைக்கும் என்று பார்ப்போம். நல்ல ஹெடரும் அதற்கேற்ற டியூனும் சேர்ந்தால், சக்கரத்தில் அளக்கும்போது உச்ச வலுவில் 15 முதல் 20 வரை எதிர்பார்க்கலாம். நல்ல பெற்றோல் இருந்தால்தான் அந்த மேல் எல்லை. ஆனால் இந்த எஞ்சினைப் பொறுத்தவரை உச்ச எண்ணைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 3500 சுற்றுக்கும் 4500 சுற்றுக்கும் இடையில் முறுக்குவிசை ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்புவதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். முந்திச் செல்ல மிதிக்கும்போது வண்டி ஒரு கணம் தயங்குவது அதனால்தான். நன்றாக வடிவமைத்த ஹெடரும் டியூனும் அந்தப் பள்ளத்தைப் பெருமளவு நிரப்பிவிடும். அந்த இடத்தில் 20 நியூட்டன் மீற்றருக்கு மேல் கூடுவது சாதாரணம். உச்சியில் கிடைக்கும் 15 குதிரைவலுவைவிட ஓட்டும்போது அதுதான் உடம்பில் தெரியும்.

ஹெடர் ஏன் இப்படி வேலை செய்கிறது என்றால், எக்ஸோஸ்ட் வால்வு திறந்ததும் வெளியேறும் அழுத்த அலை குழாயின் சந்திப்பை அடைந்து, அங்கிருந்து தாழ் அழுத்த அலையாகத் திரும்புகிறது. இரண்டு வால்வுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் அது வந்து சேர்ந்தால், எரிந்த வாயுவை இழுத்தெடுத்துப் புதிய காற்றையும் உள்ளே வரவழைக்கும். எந்தச் சுற்றில் அது சரியாக வந்து சேரும் என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது. உங்களுடையது சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் பொக்ஸர் எஞ்சின், அதன் வெடிப்பு வரிசை 1-3-2-4. ஒன்றும் மூன்றும் ஒரே பக்கத்தில் இருப்பதால், அலைகள் ஒன்றோடொன்று முட்டாமலிருக்க ஒரு பக்கத்துக் குழாயை எண்ணெய்ச் சட்டியின் கீழாக மறுபக்கம் கொண்டுபோய் இணைக்க வேண்டும். சம நீள ஹெடர் என்பது அதுதான். சம நீளமில்லாத ஹெடர் பழைய சுபாரு போல உறுமும்; பலர் அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறார்கள். பொதுவாக வலுவில் சம நீள ஹெடருக்கு ஒரு படி கீழேதான் நிற்கும். உங்களுக்குத் தருவதாகச் சொன்னது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சைலன்சரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த எஞ்சினுக்கு அதனால் வரும் வலு மிகச் சிறிது. எடை குறைந்தால் அதுவே இலாபம்.

பெற்றோல்தான் நம் பகுதியின் பெரிய பிரச்சினை. உங்கள் எஞ்சினின் அழுத்த விகிதம் 12.5. ஜப்பானில் இதற்கு உயர் ஒக்டேன் பெற்றோலைத்தான் கேட்கிறார்கள். அங்குள்ள தரநிலைப்படி அது 96க்குக் குறையக் கூடாது, பெரும்பாலும் 100ஐ ஒட்டியே விற்பனையாகிறது. நம் பக்கத்துப் பெற்றோல் செற்றுகள் எல்லாவற்றிலும் 95 இருப்பதில்லை. 92ஐ அடித்துக்கொண்டு ஓடும் 86 வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். இந்த எஞ்சினின் கணினி பற்றவைப்பை எவ்வளவு முன்கூட்டி விடலாம் என்பதை ஒரு பெருக்கெண்ணாக நினைவில் வைத்திருக்கிறது. பெற்றோல் நன்றாக இருந்தால் அது 1இல் நிற்கும். நொக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் கலவை தானாகவே வெடிக்கும் தட்டொலி, கேட்கக் கேட்கக் குறைந்துகொண்டே வரும். 92 அடித்து ஓடிய வண்டியில், கணினியின் தரவை வாசிக்கும் ஓபிடி கருவியைச் செருகிப் பார்த்தால் அந்த எண் 1க்கு நன்றாகக் கீழே கிடக்கும். அந்த நிலையில் வண்டி கம்பனி கொடுத்த 200ஐயே தருவதில்லை. அதன்மேல் டியூன் போடுவதில் பொருளில்லை. முதலில் 95ஐ இரண்டு தாங்கி முழுவதும் ஓட்டி, அந்த எண் 1க்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. 2018இல் இந்த எஞ்சின்களின் வால்வு ஸ்பிரிங் முறியக்கூடும் என்று உற்பத்தியாளர் வண்டிகளைத் திருப்பி அழைத்தார். உங்கள் வண்டி அந்தக் காலத் தயாரிப்பு. செஸி இலக்கத்தைக் கொடுத்து அந்த வேலை நடந்திருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் உயர் சுற்றில் ஓட்ட வேண்டாம். எஞ்சினை இறக்கிச் செய்யும் வேலை அது. அப்படியே விட்டுவிட்டு ஹெடருக்குக் காசு கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதில் 2 — ஒட்டுசுட்டான் வாசி

வவுனியா அண்ணா சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். திறந்த எயார் பில்டரைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் வன்னியில் ஓடும் வண்டிக்கு அது நன்மையைவிடத் தீமையே செய்யும்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லோரும் வண்டியை நிறுத்துவோம். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பிவந்து எஞ்சினை இயக்கியதும் ஓபிடி கருவியில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தைப் பாருங்கள். வெளியே 34 பாகை என்றால், பொனற்றுக்குள் அடைபட்டு நின்ற காற்று 60 பாகையைத் தாண்டிக் காட்டும். கம்பனிப் பெட்டி முன்பக்கக் கிறிலுக்குப் பின்னாலிருந்து காற்றை எடுப்பதால், வண்டி நகரத் தொடங்கிச் சிறிது தூரத்தில் அந்த எண் இறங்கிவிடும். மூடியில்லாத கூம்பு பில்டரோ ரேடியேற்றரையும் ஹெடரையும் தடவிவந்த வெப்பக் காற்றையே தொடர்ந்து குடிக்கும். 25 பாகைக் காற்றோடு ஒப்பிட்டால் 55 பாகைக் காற்றின் அடர்த்தி 9 வீதம் குறைவு. வலு அதே அளவுக்குக் குறையாவிட்டாலும் 5 வீதமாவது போகும். அதற்குமேல், காற்று சூடானால் நொக்கிங்குக்குப் பயந்து கணினி பற்றவைப்பையும் பின்தள்ளிவிடும். சத்தம் கூடுவதால் வலு கூடியதைப் போல ஓர் எண்ணம் வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது, தூசி. ஏ9 காப்பற் வீதிதான் என்றாலும், உட்புறக் கிரவல் வீதிகளில் உழவு இயந்திரமோ டிப்பரோ முன்னால் போனால் பின்னால் வருபவருக்குச் செம்மண் புழுதியைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்தப் புழுதியில் நுண்ணிய மணல் இருக்கிறது. பில்டரைத் தாண்டி அது உள்ளே போனால் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்துவிடும். வலுக் கூட்டப் பூட்டிய பில்டர் சில வருடங்களில் எஞ்சினின் அழுத்தத்தையே தின்றுவிடும் என்றால் அதில் என்ன பயன்? எண்ணெய் பூசிய துணி பில்டர்களில் இன்னொரு சிக்கல். கழுவிவிட்டு எண்ணெயைச் சற்றுக் கூடுதலாகப் பூசினால், அது காற்றளவு சென்சரின் மெல்லிய சூட்டுக் கம்பியில் படிந்து அளவைப் பிழையாக்கும். சில கூம்பு பில்டர்களோடு வரும் குழாயின் விட்டமும் கம்பனிக் குழாயின் விட்டத்தைவிடப் பெரிதாக இருக்கும். அப்போது சென்சர் உள்ளே போகும் காற்றைக் குறைத்துக் கணக்கிட, கலவை மெலிந்துவிடும்.

கம்பனிப் பெட்டியையே வைத்துக்கொள்ளுங்கள். காகித பில்டரை, கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்னரே மாற்றுங்கள். சென்சரை அதற்குரிய திரவத்தால் மட்டும் துடையுங்கள். பிளக்குகளையும் பார்த்துவிடுங்கள், பொக்ஸர் எஞ்சினில் பிளக் பக்கவாட்டில் இருப்பதால் கை போவது கடினம் என்று பலர் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். இவையெல்லாம் புதிய வலுவைத் தராது என்றாலும் தொலைத்ததை மீட்டுத் தரும். பத்து வருடம் கடந்த வண்டியில் அது சிறிதாக இருக்காது.

கிளிநொச்சி 86

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. செஸி இலக்கத்தைக் கொடுத்து வால்வு ஸ்பிரிங் வேலை ஜப்பானிலேயே நடந்துவிட்டது என்பதை உறுதிசெய்துகொண்டேன். பெற்றோல் பற்றிச் சொன்னதும் உண்மை. நான் பெரும்பாலும் 92தான் அடித்திருக்கிறேன், இனிமேல் வவுனியாவில் 95 நிரப்பிக்கொண்டு வருவேன்.

மலையேற்றத்தைப் பற்றி ஒரு சந்தேகம். நுவரெலியா குளிரான இடம், குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஆகவே அங்கே எஞ்சின் இங்கிருப்பதைவிடக் கூடுதல் வலு தரும் என்று எதிர்பார்க்கலாமா? வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கெம் ஷாப்டை மாற்றினால் என்ன பயன் என்பதையும் யாராவது விளக்க முடியுமா?

பதில் 3 — மன்னார் வீதி

நுவரெலியாவில் உங்கள் எஞ்சின் கூடுதலாகத் தராது, குறைவாகத்தான் தரும். நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 20 வீதம் குறைவு. கிளிநொச்சியின் 34 பாகைக்கும் அங்குள்ள 18 பாகைக்கும் உள்ள வேறுபாடு ஐந்து வீதமளவில் திருப்பித் தருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கிளிநொச்சியில் கிடைப்பதைவிடச் சுமார் 15 வீதம் அடர்த்தி குறைந்த காற்றைத்தான் எஞ்சின் அங்கே இழுக்கும். இங்கே 200 என்றால் அங்கே 170ஐ ஒட்டித்தான் இருக்கும். டர்போ வண்டிகள் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்துகொள்ளும், நம்முடையவற்றால் முடியாது. இதில் ஒரு நன்மையும் உண்டு. உள்ளே போகும் காற்று குறைவதால் சிலிண்டரில் அழுத்தமும் குறைந்து நொக்கிங் ஆபத்து தணிகிறது. வன்னி வெயிலில் திணறும் 95 பெற்றோல் அங்கே போதுமானதாகிவிடும்.

மகாகஸ்தோட்ட 1930களில் தொடங்கிய போட்டி. தேயிலைத் தோட்டத்து ஒடுங்கிய வீதி, அடுத்தடுத்த வளைவுகள். அந்த மாதிரி இடத்தில் உச்ச வலுவில் நீங்கள் கழிக்கும் நேரம் மிகக் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் இரண்டாம் கியரின் விகிதம் 2.188, கடைசி விகிதம் (பின் அச்சிலுள்ள பற்சக்கரங்களின் விகிதம்) 4.1. கம்பனி அளவான 17 அங்குலச் சக்கரத்தோடு இரண்டாம் கியரில் 3500 சுற்று என்பது மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீற்றர், 4500 சுற்று என்பது 58. கொண்டை ஊசி வளைவுகளிலிருந்து வெளியேறும் வேகம் அதுவேதான். வவுனியா அண்ணா சொன்ன முறுக்குவிசைப் பள்ளம், நீங்கள் ஒவ்வொரு வளைவிலும் முழுதாக மிதிக்கும் இடத்திலேயே காத்திருக்கிறது. அதனால் மலையேற்றத்துக்கு ஹெடரும் டியூனும் பயனுள்ளவை என்பதில் எனக்கு ஐயமில்லை. டியூன் செய்பவரிடம் 7000 சுற்றில் என்ன எண் வருகிறது என்று கேட்காமல், 3000 முதல் 5000 வரையான கோட்டை உயர்த்தித் தரும்படி கேளுங்கள்.

கெம் ஷாப்ட் இதற்கு நேர் எதிரானது. வால்வை அதிக நேரம், அதிக உயரம் திறக்கும் கெம், முறுக்குவிசையை மேல் சுற்றுகளுக்குத் தள்ளுகிறது. 7500க்கு மேல் நன்றாக மூச்சுவிடும் எஞ்சின் 4000இல் மூச்சுத் திணறும். அதைப் பயன்படுத்த ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும், சுற்று எல்லையும் உயர வேண்டும், அழுத்த விகிதத்தையும் கூட்ட வேண்டும், 12.5க்கு மேல் போனால் நம் நாட்டுப் பெற்றோல் இடம் கொடுக்காது. கட்டுக்குருந்த போன்ற பந்தயத் தளத்தில், நீண்ட நேரம் உயர் சுற்றில் நிற்கும் வண்டிக்கு அது பொருந்தலாம். வளைவுக்கு வளைவு மணிக்கு 40 கிலோமீற்றரிலிருந்து எழும்ப வேண்டிய வண்டிக்கு அது கேடு.

நான் முதலில் காசு போடும் இடம் கடைசி விகிதம். 2017 மனுவல் வண்டிகளில் கம்பனியே அதை 4.3 ஆக்கியது. 4.1க்குப் பதிலாக 4.3 பூட்டினால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் உந்து விசை 5 வீதம் கூடும். குதிரைவலுக் கணக்கில் ஒன்றும் மாறாது. ஆனால் அதே கியரில் உங்கள் முதுகு உணர்வது 10 குதிரைவலு கூட்டியதற்கு நிகராக இருக்கும். உயரம் தின்றுவிடும் 15 வீதத்தில் மூன்றிலொரு பங்கை எஞ்சினைத் தொடாமலே மீட்டுவிடலாம். இரண்டாம் கியர் மணிக்கு 95ஐ ஒட்டி முடிவது 90க்கு இறங்கும். அந்த வீதிக்கு அது போதும். ஏ9இல் நமக்குள்ள எல்லையே 70தான், அன்றாட ஓட்டத்தில் இழப்பு எதுவும் தெரியாது. பெற்றோல் சிறிது கூடுதலாகக் குடிக்கும்.

அடுத்தது எடை. வண்டி ஏறத்தாழ 1,230 கிலோ. போட்டியன்று மேலதிகச் சக்கரம், ஜக், பின் இருக்கை ஆகியவற்றை, விதிகள் அனுமதித்தால், இறக்கிவிடுங்கள். 50 லீற்றர் தாங்கியை நிரப்பிக்கொண்டு போகாமல் தேவைக்கு மட்டும் வைத்தால் அதிலேயே 25 கிலோவுக்கு மேல் குறையும். மொத்தம் 50 கிலோ குறைந்தால் 4 வீதம். எட்டுக் குதிரைவலு கூட்டியதற்கு ஒப்பானது, ஒரு சதமும் செலவில்லை. அழகுக்காகப் பூட்டிய 18 அங்குலக் கனமான றிம் இருந்தால் கழற்றிவிடுங்கள். சுழலும் எடை இரட்டிப்புத் தண்டனை. இந்த வண்டி கம்பனியிலிருந்து வந்த ரயர் எரிபொருள் சிக்கனத்தை எண்ணிச் செய்யப்பட்ட இனம். நல்ல பிடிமானமுள்ள ரயர் மட்டும் போட்டாலே, ஹெடரால் குறையும் நேரத்தைவிடக் கூடுதலாகக் குறையும் என்று உறுதியாகச் சொல்வேன். எஞ்சினைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இது பதிலல்ல என்பது தெரியும், ஆனால் கடிகாரம் எஞ்சினை மட்டும் அளப்பதில்லை.

வவுனியா கராஜ்

மன்னார் நண்பர் சொன்ன வரிசை மிகச் சரியானது. டியூன் செய்யப்போவது உறுதியென்றால் இவற்றையும் கவனியுங்கள்.

வேலைக்கு முன் டைனோவில் (சக்கரத்தில் வலுவை அளக்கும் மேடை) ஏற்றி ஒரு தாள் எடுங்கள். வேலை முடிந்தபின் அதே டைனோவில், அதே ரயர் காற்றோடு, அதே கியரில் மறுபடியும் எடுங்கள். கம்பனி சொல்லும் 200 என்பது எஞ்சினின் கிராங்கில் அளந்தது. சக்கரத்தில் அளந்தால் கைபடாத வண்டி 165 முதல் 170 வரைதான் காட்டும். வேலைக்கு முந்திய தாள் இல்லாமல், பிந்திய தாளை மட்டும் கையில் தந்து, இழப்பைத் தாராளமாகச் சேர்த்து 250 என்று எழுதிக்கொடுப்பது கடினமான வேலையல்ல. திருத்தக் குணகம் என்று ஒரு எண் தாளின் மூலையில் இருக்கும். வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப முடிவைத் திருத்தும் எண் அது. இரண்டு தாள்களிலும் ஒரே தரநிலையில் திருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கோ ஒருவர் செய்து அனுப்பிய கோப்பை அப்படியே கணினியில் ஏற்றுபவரிடம் போக வேண்டாம். அது பெரும்பாலும் நம்முடையதைவிட நல்ல பெற்றோலுக்கு எழுதப்பட்டிருக்கும். உங்கள் தாங்கியில் இருக்கும் 95ஐக் கொண்டு, வண்டியை டைனோவில் நிறுத்தி, நொக்கிங் பதிவைப் பார்த்துப் பார்த்து எழுதுபவரே தேவை. பகலில், சூடு ஏறிய எஞ்சினில் இறுதி ஓட்டத்தை எடுக்கச் சொல்லுங்கள். அதிகாலைக் குளிரில் எழுதிய பற்றவைப்புக் கோடு நம் சித்திரை வெயிலில் நிற்காது.

ஹெடர் மாற்றும்போது மனிபோல்டோடு சேர்ந்துள்ள, புகையைச் சுத்திகரிக்கும் முதல் கட்டலிட்டிக் கன்வேட்டர் போய்விடும். முன்குழாயில் உள்ள இரண்டாவதை எக்காரணம் கொண்டும் கழற்ற விடாதீர்கள். வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை இருக்கிறது. எஞ்சின் தணிந்து ஓடும்போதும் 2500 சுற்றிலும் கார்பன் மொனொக்சைட்டையும் ஹைட்ரோகார்பனையும் அளப்பார்கள். இரண்டு கன்வேட்டரும் இல்லாத வண்டி அங்கே நிற்காது. அந்தப் புகையை நம் ஊர்ப் பிள்ளைகள் சுவாசிக்கவும் கூடாது. கன்வேட்டர் உள்ள ஹெடர்களும் கிடைக்கின்றன. உச்சியில் சில குதிரைவலு குறைந்தாலும் அன்றாட வண்டிக்கு அதையே நான் பூட்டுவேன். ஹெடர் எண்ணெய்ச் சட்டிக்கு மிக அருகே ஓடுவதால் வெப்பத்தடுப்புப் பூச்சுள்ளதாகப் பாருங்கள்.

எண்ணெய் வெப்பத்துக்கு ஓர் அளவுமானி பூட்டுங்கள். மலையேற்றம் சில நிமிடங்களில் முடிந்துவிடும், அங்கே பெரிதாகக் கவலையில்லை. பயிற்சிக்கென்று கட்டுக்குருந்தவில் சுற்றுச் சுற்றாக ஓட்டினால் 120 பாகையை எளிதில் தாண்டும். அந்த ஓட்டத்துக்கு எண்ணெய்க் கூலர் இல்லாமல் போக வேண்டாம். மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் எண்ணெய் பழையதாக இருந்தால் மிதி பஞ்சாகிவிடும். போட்டிக்குமுன் அதைப் புதுப்பித்துவிடுங்கள்.

95இல் சில வாரம் ஓட்டியபின் அந்தப் பெருக்கெண் எங்கே நிற்கிறது என்று இங்கே எழுதுங்கள். 1இல் நின்றால் கடைசி விகிதத்துக்கான பற்சக்கரத் தொகுதியைத் தேடத் தொடங்கலாம். பழைய 4.3 தொகுதி கிடைத்தால், வாங்குமுன் பற்களின் முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குழி விழுந்ததாகவோ ஒரு பக்கம் மட்டும் பளபளத்ததாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள். பூட்டும் வேலைக்கு வவுனியாவுக்கே கொண்டுவரலாம். பற்கள் ஒன்றோடொன்று படியும் இடத்தைச் சாயம் பூசிப் பார்த்து, இடைவெளியை டயல் கேஜால் அளந்து பூட்டித் தருகிறேன்.